எங்கள் இடது விங்கரின் பெயர்

என்னோடு வேலை செய்யும் டேவ், நான் ஐஸ் ஹொக்கி விளையாடியவன் என்று இரண்டு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தான். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் பராமரிப்பாளர்கள். ஒரு தை மாதக் காலை வாசற்படியில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது, இளம் வயதில் ஏதாவது விளையாடினாயா என்று கேட்டான். சென்ரர் விளையாடினேன், எனக்கு இரண்டு பக்கமும் அருமையான விங்கர்கள் நின்றார்கள் என்றேன். இந்த நாட்டில் சென்ரர் என்றாலும் விங்கர் என்றாலும் காலில் சறுக்குச் சப்பாத்துப் போட்டவர்கள்தான். டேவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் வார இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒரு நிபுணனிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்பான். நானும் தலையை ஆட்டிவைப்பேன். இலங்கையில் பனிக்கட்டிக்கு எங்கே போனீர்கள் என்று ஒருநாள் அவனுக்கே சந்தேகம் வந்த பிறகுதான், நான் சொன்னது றக்பி என்று விளங்கப்படுத்தினேன். ஏமாந்துபோனவனைப்போல என்னைப் பார்த்தான்.

டேவ் நல்லவன். ஆனால் ஒரு விஷயத்தில் அவனோடு பேச முடியாது. ரொறொன்ரோ அணிக்கு விளையாடிய ஒரு விங்கர் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு நகரத்துக்குப் போய்விட்டான். அவன் அந்த நகரத்தின் அணியோடு முதன்முதலாக இங்கே வந்த அன்று, டேவ் விடுமுறை எடுத்துக்கொண்டு போய், அவன் மட்டையில் பந்து தட்டுப்படும்போதெல்லாம் ஊளையிட்டுவிட்டு வந்தான். ஹொக்கியில் அது பந்தில்லை, தட்டையான ரப்பர் வில்லை என்று என்னைத் திருத்தியதும் டேவ்தான். எங்களை விட்டுவிட்டுப் போனவன், அவனுக்கு அது வேண்டும் என்றான். டேவ் பிறந்தது நியூபவுண்ட்லாண்டில், கடலோரத்தில் ஒரு சிறிய ஊரில். நீ ஏன் ரொறொன்ரோவுக்கு வந்தாய் என்று கேட்டேன். ஊரில் மீனும் இல்லை, வேலையும் இல்லை, வேறென்ன செய்வது என்றான். அவனுக்கு இரண்டுக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போன வருடம் என் சொந்தச் சனத்தின் வாயிலிருந்து அதே ஊளையைக் கேட்டபோது வேடிக்கையாக இருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தான் என்றாலும் படித்தது கண்டியில். அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். மாற்றலாகி அங்கே போனார். பாதிரியார்கள் நடத்திய ஆண்கள் பள்ளிக்கூடம் எங்களுடையது. கிரிக்கெட்டை விட றக்பிக்குத்தான் அங்கே மரியாதை. ஆட்டம் நடக்கும் நாளில் கடைக்காரரே பாதிக் கதவைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் ஒன்று ரொறொன்ரோவில் இருக்கிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து சண்டை பிடிக்கிற சங்கங்கள் இந்த நகரத்தில் அதிகமில்லை. அதனாலேயே அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. சங்கத்தின் தலைவர் பாலா அண்ணை. எனக்குப் பத்து வகுப்பு முந்தியவர், ஒரு காலத்தில் எங்கள் அணியின் தலைவராக இருந்தவர். நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் எனக்காக ஒரு குளிர்ச்சட்டையோடு நின்றவர் அவர்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் ஒற்றை அறை வீட்டில் ஏற்கெனவே ஆறு பேரோடு இருந்த மனிதர், ஏழாவதாக எனக்கும் ஒரு மெத்தை போட்டார். அதை மறந்துவிட்டு இதை நான் எழுதவில்லை.

சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு ஒரு சிறப்பு மலர் வெளியிடுவது வழக்கம். போன வருட மலரில் எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைசிறந்த விங்கர்கள் என்று ஒரு பக்கம் போட வேண்டும் என்று முடிவானது. அதை எழுதும் வேலையை பாலா அண்ணை என்னிடம் தந்தார். எல்லோரும் வாய் ஓயாமல் பேசும் இரண்டு விங்கர்களுக்கு நடுவில் நின்று பந்து கொடுத்தவன் நான்தானே, வேறு யார் எழுதுவது என்றார்.

றக்பி பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பதினைந்து பேரில் விங்கர்தான் மைதானத்தின் விளிம்பில், கோட்டோடு ஒட்டி நிற்பவன். எல்லோருடைய கையும் பட்டுக் கடைசியாகத்தான் பந்து அவனிடம் வரும். வந்தால் ஓடவேண்டும். ஓடி எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை. எனக்கு வலப்பக்கத்தில் நிமல் நின்றான், இடப்பக்கத்தில் செல்வம். நிமல் கண்டி நகரத்துச் சிங்களப் பையன், ஆறடி உயரம். ஓடினால் நேர்கோடுதான். தடுக்க வருகிறவனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மழையிலும் உயரப் பந்தைத் தவறவிட்டது கிடையாது. செல்வம் எங்கள் எல்லோரிலும் குள்ளன். பந்து கைக்கு வந்ததும் உடனே ஓடமாட்டான். ஏதோ யோசிப்பவன்போல ஒரு கணம் தயங்குவான். எதிரே வருகிறவனும் தன்னை அறியாமல் தயங்குவான். அடுத்த கணம் செல்வம் அங்கே இருக்கமாட்டான். ஹட்டனுக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சரிவில் ஓடி வளர்ந்தவன். அங்கே நேராக ஓட முடியாது. ஒவ்வொரு இரண்டு அடிக்கும் திசை மாற்றத்தான் வேண்டும். பருவம் முழுவதற்கும் ஒரு விங்கரைத் தெரிவு செய் என்றால் நான் நிமலைச் சொல்வேன். கடைசி நிமிடம், ஒரே ஓட்டத்துக்குத்தான் நேரம், பந்தை யாரிடம் கொடுப்பாய் என்றால் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்புவேன். அதனால் பட்டியலில் செல்வத்தை முதலாவதாகவும் நிமலை இரண்டாவதாகவும் எழுதினேன்.

அந்தக் கூட்டம் றிச்மண்ட் ஹில்லில் பாலா அண்ணையின் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்தது. பன்னிரண்டு பேர் இருந்தோம். நிமலும் இருந்தான். அவன் நாட்டு அணிக்கே விளையாடி, பிறகு ஒரு வங்கியில் வேலை செய்து, பிள்ளைகளின் படிப்புக்காக என்று பத்து வருடங்களுக்கு முன்னர் இங்கே குடிவந்தவன். பாலா அண்ணை நான் எழுதியதை ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தார். செல்வத்தின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்.

“தம்பி, உவன்ர பேரை எடுத்துவிடு. உவன் எங்களை நடுத்தெருவில விட்டிட்டுப் போனவன்.”

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். செல்வத்தின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தகப்பன் இல்லை, கீழே இரண்டு தங்கைகள். தோட்டத்து மாதா கோவிலுக்குப் பூசை வைக்க வந்த ஒரு பாதிரியார்தான் அவனுடைய ஓட்டத்தைக் கண்டு எங்கள் விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார். பதினெட்டு வயதில் நாட்டின் இளையோர் அணிக்கு அவனைத் தெரிவு செய்தார்கள். அணி வெளிநாடு ஒன்றுக்குப் போகவிருந்தது. நிமலும் தெரிவாகியிருந்தான். இருவருக்கும் காலைக் கூட்டத்தில் மாலை போட்டார்கள். பிறகு கடவுச்சீட்டு எடுக்கும் நேரம் வந்தது. செல்வத்துக்கு எடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவன் எந்த நாட்டின் குடிமகனும் இல்லை. அவனுடைய பாட்டனாரின் காலத்திலிருந்தே மலையகத்தில் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் இருந்தார்கள். அந்த மண்ணில் பிறந்து, அந்த மண்ணில் கொழுந்து பறித்து, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டும் குடியுரிமைப் பத்திரம் கிடைக்காதவர்கள். அணி நிர்வாகத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஆவணங்கள் குறைவாக இருப்பதால் நீக்கப்பட்டுள்ளார் என்று. அவனுக்குப் பதிலாக எவன் போனான் என்பது இன்று ஒருவருக்கும் நினைவில்லை. அவனுக்காக நாங்கள் ஒரு கடிதமும் எழுதவில்லை.

அடுத்த வருடம் அவனுடைய குடும்பத்துக்குப் பத்திரம் வந்தது. அதே பருவத்தில் வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பனியின் றக்பிக் கழகம் கண்டிக்கு வந்து எங்களோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடியது. அந்த அணியின் முகாமையாளராக இருந்த ஆங்கிலேயப் பொறியியலாளர் செல்வம் ஓடுவதைப் பார்த்துவிட்டார். மூன்று மாதங்களில் கடிதம் வந்தது. களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை, வெள்ளிக்கிழமைகளில் விளையாட்டு, இன்ன தேதிக்குள் வந்து சேரவேண்டும், வராவிட்டால் வேலை வேறொருவருக்கு. அந்தத் தேதி எங்கள் பருவத்தின் கடைசிப் பெரிய ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முந்தி வந்தது. செல்வம் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை விடுதியில் அவனுடைய கட்டில் வெறுமையாக இருந்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கடைசி நிமிடத்தில் என் கையில் பந்து இருந்தது. நான் இடப்பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு பதினாறு வயதுப் பையன் நடுங்கிக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிந்த அந்த வாரமே அணியினர் எல்லோரும் கையெழுத்திட்டு அதிபருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். மண்டபச் சுவரில் சிறந்த வீரர்களின் பெயர்களைப் பொன் எழுத்தில் எழுதிய ஒரு பலகை இருந்தது. அதிலிருந்து செல்வத்தின் பெயரை அழிக்கவேண்டும் என்று கேட்டோம். பெயின்ரர் வந்து அந்த வரிக்கு மேல் கபில நிறம் பூசினான். நிறம் சரியாகப் பொருந்தவில்லை. அந்த இடம் ஒரு தழும்புபோலத் தனியாகத் தெரிந்தது. கடிதத்தை எழுதியவன் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்னுடைய தமிழும் ஆங்கிலமும் அன்று நன்றாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள் முடிவதற்குள் நான் இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். என் பெயரை எங்கும் ஒருவரும் அழிக்கவில்லை.

இப்போது நிலக்கீழ் அறைக்கு வருகிறேன். பாலா அண்ணை சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வருடமாகப் பையன்கள் பட்ட பாட்டை அவன் ஒரு நாளில் வீணாக்கினான் என்றார். இரண்டு கிழமை பொறுத்திருக்கலாம், அல்லது சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் என்றார். சொல்லியிருந்தால் விட்டிருப்போமா என்று கேட்டேன். பாதிரியார்கள் கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருப்பார்கள், நாங்கள் விடுதிக் கதவைப் பூட்டியிருப்போம், தேதி கடந்திருக்கும், இன்னொருவன் அந்த வேலைக்குப் போயிருப்பான். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் அவனைப் பணத்துக்கு விலைபோனவன் என்றார்கள். நாட்டுக்கு விளையாடியிருக்க வேண்டியவன் என்றார் ஒருவர். எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். பதினெட்டு வயதில் அவனை என்னுடைய பிள்ளை இல்லை என்று சொன்ன நாட்டுக்கா? அவன் கையில் வந்த முதல் கடவுச்சீட்டை அவன் எதற்குப் பாவித்திருக்க வேண்டும், தலைமாட்டில் வைத்துப் படுக்கவா?

எனக்குக் கொதித்தது இதனால்தான். உலகம் முழுவதும் இதே கதைதான். பசுபிக் தீவுகளில் பிறந்த பையன்கள் பெரிய நாடுகளுக்குப் போய் விங்கராக ஓடுகிறார்கள். ட்ரை வைத்தால் அந்த நாட்டின் மைந்தன், பந்தை நழுவவிட்டால் தீவான். ஊரிலோ அவன் தீவை விட்டுப்போனவன். இந்த ரொறொன்ரோவிலேயே பள்ளிக்கூடத்தில் றக்பி விளையாடிய ஒரு பெண்பிள்ளையை எனக்குத் தெரியும். நான் கூட்டிப் பெருக்கும் அதே கட்டடத்தில் படித்தவள். அவளுக்குப் பிரான்ஸில் ஒரு கழகம் இடம் கொடுத்தது. அதிபர் ஒலிபெருக்கியில் அறிவித்தார், கேக் வெட்டினார்கள், வாசலில் பதாகை கட்டினார்கள். அந்தப் பதாகையைக் கட்டியவன் நான். நல்ல பிள்ளை, அவள் போகத்தான் வேண்டும். ஆனால் அவள் போனால் வாய்ப்பு, தோட்டத்து லயத்துப் பையன் போனால் துரோகம் என்பது எந்த ஊர்க் கணக்கு? ஒருவன் திறமையோடு வந்து இறங்கும் நாடு அவனைக் கொண்டாடுகிறது. அவனுக்குச் சப்பாத்துக்கூட வாங்கிக் கொடுக்காத நாடு அவனைக் கள்வன் என்கிறது. அதைச் சொல்லும் வாய்கள் பெரும்பாலும் கப்பலோ விமானமோ ஏறி வந்த வாய்கள்.

இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காக அன்று நான் சொல்லவில்லை. குரல் உயர்ந்து, ஆங்கிலமும் தமிழும் குழம்பி, மேசையில் இருந்த தேநீரையும் கொட்டிவிட்டேன். பாலா அண்ணை பொறுமையாகத்தான் இருந்தார்.

“நாங்கள் உயிர் தப்ப வந்தனாங்கள், நேசன். அவன் பந்தடிக்கப் போனவன். ரெண்டும் ஒண்டோ?”

“உயிர் தப்ப வந்தனாங்கள், சரி. சண்டை முடிஞ்சு எத்தினை வருசம் அண்ணை? இந்த மேசையில ஆர் திரும்பிப் போனது? திரும்பிப் போனது அவன் ஒருத்தன்தான்.”

அங்கிருந்த பாதிப்பேருக்கு அது தெரியாது. வளைகுடாவில் இறுகிய மணல் மைதானத்தில் ஆறு வருடங்கள் விளையாடிவிட்டு, முழங்கால் போன பிறகு செல்வம் ஹட்டனுக்குத் திரும்பிவிட்டான். தங்கைகள் இருவரையும் அதற்குள் படிக்க வைத்திருந்தான். இன்று தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். போனவன் என்று நாங்கள் பெயர் வைத்தவன் அங்கே இருக்கிறான். போனவன் என்று சொல்லுகிற பன்னிரண்டு பேரும் றிச்மண்ட் ஹில்லில் ஒரு வீட்டுக்குக் கீழே இருந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் நிமலைப் பார்த்தேன். அவன் கையில் இருந்த கடதாசித் துடைப்பானைச் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தில் எனக்கு வந்த ஆத்திரம் பாலா அண்ணை மேல்கூட வரவில்லை. பெயரைப் பற்றிச் செயற்குழு முடிவு செய்யும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் நிமல் தொலைபேசியில் அழைத்து, செல்வம்தான் கெட்டிக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும் மச்சான், ஆனால் இந்த ஆட்களோடுதானே நான் இங்கே இருக்கவேண்டும் என்றான். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை செல்வத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம். வருடத்தில் இரண்டு மூன்று தரம் பேசுவோம். பிள்ளைகள், மழை, முழங்கால் என்று. பின்னால் பெண்பிள்ளைகள் சத்தம் போடுவது கேட்டது. பயிற்சி நடக்கிறது, புதிதாக ஒரு பெண்கள் அணி சேர்த்திருக்கிறேன் என்றான். நான் சங்கத்தில் நடந்த சண்டையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான்.

“என்னடா, அவ்வளவு தூரம் போயும் இதே சண்டையா? வேற வேலை இல்லியா உங்களுக்கு?”

அப்போதுதான் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாததைச் சொன்னேன். பலகையில் உன் பெயரை அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியவன் நான்தான் என்றேன்.

“தெரியும்டா. என்னைய விடுதியில சேர்த்துவிட்ட ஃபாதர் அன்னைக்கே எனக்கு எழுதுனாரு. அவரு ஒரு கொப்பி எடுத்து அனுப்பியிருந்தாரு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் லீவு லெட்டரெல்லாம் நீதானே எழுதுவ.”

இத்தனை வருடமும் தெரிந்துகொண்டுதான் என்னோடு பேசியிருக்கிறான். ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டு என்ன செய்ய, நீயும் போயிட்டியே என்றான். அதில் குத்தல் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். அதனாலேயே அது நேராகப் போய்த் தைத்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, பேர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மலரில் ஒன்று அனுப்பிவை என்று கேட்டான். இந்தப் பிள்ளைகள் நான் விளையாடினேன் என்று சொன்னால் நம்புவதில்லை, பலகையும் இல்லை, ஒரு படமும் இல்லை, காட்டுவதற்கு எதுவும் இல்லை என்றான். அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே பாலா அண்ணையின் வீட்டுக்குப் போனேன். இந்தமுறை குரலை உயர்த்தவில்லை. பலகையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான் என்றும் சொன்னேன். சரி, பேரைப் போடுவம், ஆனால் உண்மையையும் போடவேணும் என்றார். எந்த உண்மை என்று அன்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் அவரோடு தேநீர் குடித்துவிட்டு, வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு மோர்னிங்சைட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கார் ஓட்டி வந்தேன்.

விருந்து ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு மலர் வைத்திருந்தார்கள். வழுவழுப்பான தாள், அட்டையில் பள்ளிக்கூடத்தின் முகப்பு. பக்கத்தைப் புரட்டினேன். நிமல் முதலாவது. அதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். செல்வம் கடைசி. அவனுடைய பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘நாட்டை விட்டுச் சென்றவர்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். மற்ற ஒருவருடைய பெயருக்குப் பின்னாலும் எதுவும் இல்லை. மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். மேடையில் கனடா தேசிய கீதம் பாடினார்கள், பிறகு இலங்கைத் தேசிய கீதம், பிறகு பள்ளிக்கூட கீதம். மூன்றுக்கும் எழுந்து நின்றேன். சுகந்தி, என் மனைவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்க வைச்சு ஒண்டும் கதைக்காதேங்கோ என்றாள். கதைக்கவில்லை. அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு பேனையை வாங்கினேன்.

மலரின் இரண்டாம் பக்கத்தில் தலைவரின் வாழ்த்துச் செய்தியும் படமும் இருந்தன. பாலா அண்ணையின் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி போட்டு, ‘நாட்டை விட்டுச் சென்றவர்’ என்று எழுதினேன். செயலாளருக்கு எழுதினேன். பொருளாளருக்கு எழுதினேன். செயற்குழு முழுவதற்கும் எழுதினேன். கட்டுரை எழுதியவர்கள், வாழ்த்துக் கவிதை எழுதிய பல் வைத்தியர், அட்டைப்படம் வரைந்தவர், ஒருவரையும் விடவில்லை. விங்கர்களின் பக்கத்தை எழுதியவர் என்று என்னுடைய பெயரும் இருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தி எழுதினேன். நிமல் அதே மேசையில் எனக்கு எதிரே இருந்தான். சூப் ஆறிப்போகும்வரை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினான். பேனையைக் கொடுத்தேன். மலரைத் தன் பக்கம் இழுத்துத் தன்னுடைய பெயரைத் தேடி, அதற்குப் பின்னால் தானே எழுதினான். அதே வார்த்தைகளைச் சிங்களத்தில் எழுதினான். செல்வத்துக்கு நேரே இருந்த கடைசி எண்ணை வெட்டி ஒன்று என்று போட்டான், தனக்கு இரண்டு. பேனையைத் திருப்பித் தரும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

பாலா அண்ணை ஒவ்வொரு மேசையாக விசாரித்துக்கொண்டு வந்தவர் எங்கள் மேசைக்கும் வந்தார். திறந்து கிடந்த மலரைக் கையில் எடுத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவருடைய படத்துக்குக் கீழே என் கையெழுத்தைக் கண்டதும் அதன் மேல் விரலை வைத்தார்.

“உது தேவையோ, நேசன்?”

“உண்மையையும் போடவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னது, அண்ணை.”

மலரை மூடி, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே அவருடைய வழக்கமான சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் எனக்கு அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அவர் போட்ட ஏழாவது மெத்தை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த மெத்தைக்கு நன்றியாக இன்னொருவனின் பெயருக்குப் பின்னால் ஒரு தழும்பை ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. ஒருமுறை செய்தேன், அது போதும். சங்கத்திலிருந்து எனக்கு இப்போது கடிதம் வருவதில்லை. எனக்குக் கோபம் ஆறவும் இல்லை. ஆறவேண்டும் என்று சுகந்தி சொல்கிறாள். போனவர்கள் எல்லோரும் ஒரே நாளில் போகவில்லை, ஒரே காரணத்துக்காகப் போகவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கதவைத் தாண்டி வந்த பிறகு உள்ளே திரும்பி, நீ ஏன் தாண்டினாய் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் இல்லை.

விருந்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து தபால் கந்தோருக்குப் போனேன். இங்கே அது மருந்துக்கடையின் பின்பக்கத்தில், வாழ்த்து அட்டைகளுக்கும் சத்து மாத்திரைகளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மேசை. வீட்டில் எழுதாத மலர் ஒன்றும் இருந்தது. நாங்கள் எழுதியதைத்தான் செல்வத்துக்காக உறையில் போட்டேன். மேசைக்குப் பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் முகவரியைப் பார்த்துவிட்டு, ஊருக்கா அனுப்புகிறீர்கள் என்று சிரித்தாள். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், அவளுக்கு விளங்கியது. கணினியைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். உள்ளே என்ன? புத்தகம். பரிசா, வியாபாரமா? பரிசு. முகவரியில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது, உங்களுக்கே திருப்பி அனுப்பவா, அல்லது அங்கேயே கைவிட்டுவிடவா?

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒரு கிழவர் இருமினார். அவள் விரலை விசைப்பலகையில் வைத்தபடி காத்திருந்தாள். திரும்பி வரவேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவள் ஒரு விசையைத் தட்டிவிட்டு, இனி உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லுங்கள் என்றாள். மோர்னிங்சைட் என்று தொடங்கி, எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.